டெல்லி கணேஷின் நடிப்பு வாழ்க்கை: துணைப் பாத்திரங்களை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது?

கொழும்பு ஆறு எழுதியது:

2024 நவம்பர் 9ஆம் திகதி சென்னையில் தமது எண்பதாவது வயதில் டெல்லி கணேஷ் காலமானபோது வந்த அஞ்சலிகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்திருந்தன: நானூறுக்கும் மேற்பட்ட படங்கள், கமல்ஹாசனுடன் பல படங்கள், எளிமையான மனிதர். இவை மூன்றும் உண்மையே. ஆயினும் அவர் எப்படி நடித்தார் என்பதைப் பற்றி ஏறக்குறைய எவரும் எழுதவில்லை. கதாநாயகர் மறைந்தால் அவருடைய காட்சிகளை வரிசைப்படுத்தி விவாதிக்கும் நாம், துணை நடிகர் மறைந்தால் அவருடைய படங்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறோம். அந்தக் குறையை இந்த இழையில் ஓரளவாவது நிவர்த்தி செய்யலாம் என்பது என் விருப்பம்.

முதலில் வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1944 ஆகஸ்ட் 1ஆம் திகதி, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த வல்லநாட்டில் பிறந்தார். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றினார். டெல்லியில் இருந்தபோது தக்ஷிண பாரத நாடக சபாவின் மேடைகளில் நடித்தார். படையிலிருந்து விலகிச் சென்னைக்கு வந்தபின் காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் சேர்ந்தார். விசுவின் 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தைக் கே. பாலச்சந்தர் 1977இல் படமாக்கியபோது திரைக்கு வந்தார். பெயருக்கு முன்னால் டெல்லியைச் சேர்த்தவரும் பாலச்சந்தரே. ஆக, கமெராவின் முன் முதன்முதலாக நின்றபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பின்னால் பல ஆண்டு மேடைப் பழக்கமும், மாதச் சம்பளம் தந்த அரசுப் பணியைத் துறந்து வந்த துணிவும் இருந்தன. இருபது வயதில் அதிர்ஷ்டம் தேடி வந்த ஒருவரிடம் காணப்படும் பரபரப்பு அவரிடம் ஒருபோதும் இல்லாததற்கு இதுவே காரணம் என நான் கருதுகிறேன்.

என் வாதம் இதுதான். டெல்லி கணேஷின் திறமை அவர் பேசும் இடங்களைவிட, பிறர் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருக்கும் இடங்களிலேயே அதிகமாக இருக்கிறது. 'நாயகன்' (1987) படத்தில் அவர் ஏற்ற ஐயர் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலு நாயக்கருக்கு இந்தி தெரியாத சபைகளில் அவருடைய வாயாக இருப்பவர் இந்த ஐயர். இரண்டு வலுவான மனிதர்களுக்கு நடுவே, தமது கருத்து எதையும் வெளிக்காட்டாமல், ஒருவரின் சொல்லை இன்னொருவருக்குக் கடத்த வேண்டிய பணி. அதே வேளையில், அந்தச் சொல் எவ்வளவு ஆபத்தானது என்பது தமக்குத் தெரியும் என்பதைப் பார்வையாளருக்கு மட்டும் உணர்த்தவும் வேண்டும். கண்களையும் தோள்களையும் கொண்டே அதை அவர் செய்து முடிக்கிறார். வேலு நாயக்கரின் அச்சமின்மை நமக்கு அச்சமூட்டுவதற்கு, பக்கத்தில் அச்சப்படத் தெரிந்த ஒருவர் நிற்பதும் ஒரு காரணம்.

உறுப்பினர்கள் தங்கள் கருத்துகளை எழுதவேண்டும். குறிப்பாக, தொலைக்காட்சித் தொடர்களில் அவர் நடித்தமை அவருடைய மதிப்பைக் குறைத்ததா என்ற கேள்விக்கும் விடை காண விரும்புகிறேன்.

வானொலிச் செவி எழுதியது:

கொழும்பு ஆறு அவர்களே, கேட்பதில் அவருடைய திறமை இருக்கிறது என்கிறீர்கள். நான் மறுக்கவில்லை, ஆனால் அவருடைய குரலை விட்டுவிட்டு இந்த விவாதத்தை நகர்த்த இயலாது. இலங்கை வானொலியில் நாடகங்களைக் கேட்டே வளர்ந்த என் தலைமுறைக்கு, ஒரு நடிகர் நல்லவரா இல்லையா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தீர்மானிக்கும் பழக்கம் உண்டு. 'தணியாத தாகம்' போன்ற தொடர்நாடகங்களில் ஒரு பாத்திரத்தின் வயது, ஊர், படிப்பு, பையில் உள்ள பணம் ஆகிய அனைத்தையும் குரல் ஒன்றினாலேயே உணர்த்தியாக வேண்டியிருந்தது. அந்தச் சோதனையில் டெல்லி கணேஷ் தயக்கமின்றித் தேறுவார்.

'பசி' (1979) படத்தில் சென்னைக் குடிசைப் பகுதியின் சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளியாகப் பேசுகிறார். 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) படத்தில் பாலக்காட்டுச் சமையற்காரர் மணி ஐயராகப் பேசுகிறார். 'பாபநாசம்' (2015) படத்தில் தாம் பிறந்த தென்பாண்டிச் சீமையின் பேச்சுக்குத் திரும்புகிறார். மூன்றிலும் குரல் ஒருவருடையது. மூச்சு விடும் இடங்கள் வேறு. பிறர் பேச்சைப் போலச் செய்துகாட்டுவோர் பெரும்பாலும் உச்சரிப்பைப் பிடிப்பார்கள், மூச்சைத் தவறவிடுவார்கள். பாலக்காட்டுப் பேச்சு வாக்கியத்தின் கடைசியில் ஏறி இறங்கும். சென்னைக் குடிசைப் பேச்சு வாக்கியத்தை நடுவிலேயே முறித்து எறியும். இந்த வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார். பிற நடிகர்களுக்குப் பின்னணிக் குரல் கொடுக்கவும் அவர் அழைக்கப்பட்டமைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இங்கே இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும். பூர்ணம் விஸ்வநாதனும் டெல்லியின் தமிழ் மேடையிலிருந்து வந்தவரே. அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். இந்தியா விடுதலை அடைந்த செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. தமிழகத்துக்கு வெகு தொலைவில், அலுவலகம் முடிந்த மாலைகளில், வேற்றுமொழிச் சூழலின் நடுவே நாடகம் போட்ட ஒரு சிறு கூட்டம் தமிழ்த் திரைக்கு இத்தகைய இரண்டு குணசித்திர நடிகர்களைத் தந்திருக்கிறது. அங்கே நாடகம் பார்க்க வந்தவர்களுக்கு அந்த மாலையின் தமிழ்ப் பேச்சே ஒரு விருந்து. எனவே வசனம் தெளிவாகக் காதில் விழவேண்டும் என்ற கண்டிப்பு இருந்திருக்கும். கொழும்பில் லயனல் வென்ட் அரங்கில் தமிழ் நாடகம் பார்க்கச் சென்றவர்களுக்கு இந்த மனநிலை புதிதன்று.

பின்வரிசை எழுதியது:

மூத்தவர்கள் இருவரும் எழுதியவற்றை மரியாதையுடன் வாசித்தேன். எனினும் இரண்டு ஆட்சேபங்களை முன்வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, நானூறு படங்கள் என்று சொல்கிறோமே தவிர, அவற்றுள் பெரும்பகுதியில் அவர் ஒரே மனிதராகத்தான் வருகிறார்: நடுத்தர வர்க்கத்து பிராமணத் தந்தை, மாமா, எழுத்தர், அல்லது சமையற்காரர். பஞ்சகச்சமோ வெள்ளை வேட்டியோ, நெற்றியில் ஓர் அடையாளம், சற்றுப் பதற்றமான பேச்சு. இயக்குநர்கள் அவரை அழைத்தது நடிக்கவைப்பதற்காகவா, அல்லது அந்த மனிதரை விளக்கும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காகவா என்ற ஐயம் எனக்கு உண்டு. அவர் முகம் தெரிந்தவுடன் பார்வையாளருக்குப் பாத்திரம் முழுவதும் விளங்கிவிடுகிறது. இது இயக்குநருக்கு வசதி, நடிகருக்குச் சிறை.

இரண்டாவது, நாம் இங்கே மேற்கோள் காட்டும் படங்களில் 'பசி' நீங்கலாக மற்றவை கமல்ஹாசனின் படங்கள். அந்த நிழல் இல்லாமல் அவருடைய வாழ்க்கையை எழுத முடியுமா? கொழும்பிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டில் 'தெனாலி' இங்கே ஓடியபோது, எங்கள் வீட்டில் பேசப்பட்டதெல்லாம் கமல்ஹாசனின் யாழ்ப்பாணத் தமிழும், அதற்கு நமது பி.எச். அப்துல் ஹமீத் செய்த உதவியுமே. பொறாமையில் வேகும் மனநல மருத்துவர் பஞ்சபூதமாக டெல்லி கணேஷ் அந்தப் படத்தில் இருந்தார் என்பதையே பலர் மறந்துவிட்டார்கள்.

கொழும்பு ஆறு எழுதியது:

தம்பி பின்வரிசையின் ஆட்சேபங்கள் நியாயமானவை. ஆகவே விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

ஒரே அச்சு என்கிறீர்கள். இரண்டு சமையற்காரர்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 'மைக்கேல் மதன காம ராஜ'னில் மணி ஐயர். 'ஆஹா' (1997) படத்தில் கதாநாயகியின் தந்தையான சமையற்காரர். தொழில் ஒன்று, சாதி ஒன்று, வறுமையும் ஏறக்குறைய ஒன்று. மணி ஐயரின் வறுமை வேகமானது. கல்யாண வீட்டில் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிட்ட அந்தப் புகழ்பெற்ற பகுதியில், மானம் போய்விடுமே என்ற நடுக்கத்தை அவர் சற்றும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, உண்மையாகவே பயப்படுகிறார். கிரேசி மோகனின் வசனத்துக்கு நாம் சிரிப்பது, எதிரில் ஒருவர் சிரிக்காமல் நிற்பதனால்தான். 'ஆஹா'வின் சமையற்காரரோ மெதுவானவர். பணக்கார வீட்டில் எங்கே நிற்பது, எப்போது உட்காருவது என்று ஒவ்வோர் அடியிலும் கணக்குப் பார்க்கிறவர். ஒரே பானையில் வெந்த சோறு என்று இவ்விரண்டையும் தள்ளிவிட முடியாது.

அடுத்து, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தின் பிரான்சிஸ் அன்பரசு. நாகேஷ், ஜெய்சங்கர், நாசர் ஆகியோருடன் சேர்ந்து கொலைபாதகச் செயலில் ஈடுபடும் நால்வருள் ஒருவர். அடுத்த ஆண்டே, அதே இயக்குநரின் 'மைக்கேல் மதன காம ராஜ'னில், அதே கதாநாயகருக்குப் பாசமுள்ள வளர்ப்புத் தந்தையாக வந்து நின்றார். முந்திய ஆண்டின் கொலையாளியை எந்தப் பார்வையாளரும் அவரிடம் தேடவில்லை. 'புன்னகை மன்ன'னில் (1986) மகனின் வாழ்வையே கெடுத்த சீரழிந்த தந்தை. அன்பரசுவிடமும் இந்தத் தந்தையிடமும் நீங்கள் சொல்லும் பஞ்சகச்சத்துக்கு இடம் எங்கே?

'பசி'யைப் பற்றி ஒரு சொல். துரை இயக்கிய அந்தப் படத்துக்காக ஷோபா சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். டெல்லி கணேஷுக்குத் தமிழ்நாடு அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. திரைக்கு வந்து இரண்டே ஆண்டுகளில், விமானப்படையில் சீருடை அணிந்திருந்த ஒரு வல்லநாட்டுக்காரரை ரிக்‌ஷா மிதிப்பவராக நம்பவைத்த படம் அது. அதற்குப் பின் அத்தகைய வேடங்கள் அவருக்கு அரிதாகவே வந்தன என்றால், அந்தக் குறையை நடிகரின் கணக்கில் எழுதக்கூடாது.

சின்னத்திரை வாசகி எழுதியது:

தொலைக்காட்சியைப் பற்றிய கேள்வியை எல்லோரும் தாண்டிச் செல்வதனால் நான் எழுதுகிறேன். கேள்வி கேட்கப்பட்ட முறையிலேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பாலச்சந்தரே தொலைக்காட்சிக்கு வந்து தொடர்கள் இயக்கியவர். அவருடைய மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொடரில் டெல்லி கணேஷ் நடித்திருக்கிறார். வாரம் ஒருமுறை ஒளிபரப்பாகி, தொடக்கமும் முடிவும் திட்டமிடப்பட்டிருந்த தொடர் அது. அத்தகைய தொடரில் நடிப்பதற்கும் படத்தில் நடிப்பதற்கும் தரத்தில் வேறுபாடு காண்பது சரியன்று.

நாள்தோறும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடரின் நிலை வேறு. அங்கே ஒரு நாளில் எடுத்து முடிக்கவேண்டிய காட்சிகளின் அளவு மிக அதிகம். வசனத்தாள் படப்பிடிப்புத் தளத்திலேயே கைக்கு வரும். ஆறு மாதங்களுக்குப் பின் தம் பாத்திரம் நல்லவராக இருக்குமா கெட்டவராக இருக்குமா என்பது நடிகருக்கே தெரியாது. ஒருவர் ஒரு சொல்லைச் சொன்னவுடன், அறையில் உள்ள அனைவரின் முகத்தையும் கமெரா தனித்தனியே நெருங்கிச் சென்று, இசையோடு நம்மிடம் காட்டும். இளைய நடிகர்கள் அந்த நேரத்தில் கண்களை விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். டெல்லி கணேஷ் என்ன செய்வார் என்பதை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கமெரா தம்மை அடையும்போது அவர் ஏற்கெனவே ஏதோ ஒரு வேலையின் நடுவில் இருப்பார்: மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், துண்டைச் சரிசெய்வார், எழுவதற்காக நாற்காலியின் கையைப் பிடித்திருப்பார். அந்த வேலை பாதியில் நின்றுவிடும். அவ்வளவுதான். அதிர்ச்சி வந்துவிட்டது. நாடக மேடையில் கற்ற பாடம் இது. தொடர் இயக்குநர் எவரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்.

கொழும்பில் நாங்கள் இந்தத் தொடர்களைப் பார்த்த விதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1998இல் சக்தி தொலைக்காட்சி வந்த பின்னரும், கேபிள் இணைப்பும் டிஷ் அன்ரனாவும் பரவிய பின்னரும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் மாலை நேரம் இந்தியத் தொடர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. சமையலறையில் இருந்தபடி காதால் மட்டும் தொடரைப் பின்பற்றுகிற பெண்களே அதிகம். படமாளிகையில் இரண்டரை மணி நேரம் அவரைப் பார்த்தவர்களைவிட, தங்கள் வீட்டுக் கூடத்தில் ஆண்டுக்கணக்காக அவரைக் கேட்டவர்கள் என் வட்டத்தில் அதிகம். அவர் மறைந்த செய்தி வந்தபோது என் மாமியார் துக்கப்பட்டது ஒரு நடிகருக்காக அன்று. தொடரில் வந்த பெரியவருக்காக. மதிப்புக் குறைந்தது என்று சொல்பவர்கள் யாருடைய மதிப்பைச் சொல்கிறார்கள்?

மருதானை மேடை எழுதியது:

நான் நடிப்புத் துறையின் ஓரத்தில் சில காலம் நின்றவன் என்ற முறையில், இத்தகைய வாழ்க்கை இங்கே இலங்கையில் ஏன் ஒரு தமிழ் நடிகருக்கும் வாய்க்கவில்லை என்ற கோணத்தைச் சேர்க்கிறேன். இது விலகல் அன்று. டெல்லி கணேஷின் வாழ்க்கை எதனால் சாத்தியமாயிற்று என்பதை இதைக்கொண்டே விளங்கிக்கொள்ள முடியும்.

துணை நடிகருக்குப் பெரும்பாலும் நாட்கணக்கில் ஊதியம். ஒரு படத்தில் ஐந்து நாள், இன்னொன்றில் பத்து நாள். ஆண்டில் போதிய நாட்கள் வேலை இருந்தால்தான் குடும்பம் நடத்த முடியும். அதற்குப் பல படங்கள் ஒரே நேரத்தில் உருவாகும் ஒரு நகரம் வேண்டும். சென்னை அத்தகைய நகரம். படம் குறைந்த காலத்தில் தொடர், தொடர் இல்லாத நாளில் பின்னணிக் குரல், பிற்காலத்தில் இளைஞர்களின் குறும்படம் என்று டெல்லி கணேஷ் தமது நாட்களை நிரப்பிக்கொண்டார். எல்லா வேடங்களையும் ஏற்றார் என்று அவரைக் குறைகூறுவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இங்கே என்ன நடந்தது? எஸ். ராமதாஸ், ரி. ராஜகோபால், உபாலி செல்வசேகரன், அப்துல் ஹமீத் ஆகியோர் வானொலியில் வளர்த்த 'கோமாளிகளின் கும்மாளம்' 1976இல் 'கோமாளிகள்' என்ற படமாயிற்று. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் 1978இல் படமாயிற்று, அதில் கே.எஸ். பாலச்சந்திரன் நடித்தார். இவர்களுள் எவருக்கும் திறமையில் குறைவில்லை. பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பில் ஒரு பேருந்து நடத்துநரும் அவருடைய பயணிகள் அனைவரும் ஒரே உடலில் வந்து போவார்கள். சென்னையில் பிறந்திருந்தால் இவர்கள் தலைக்கு நூறு படங்களிலாவது நடித்திருப்பார்கள் என்பது என் துணிபு. ஆனால் ஒரு தமிழ்ப் படத்துக்கும் அடுத்த தமிழ்ப் படத்துக்கும் இடையில் ஆண்டுகள் கழிந்த நாட்டில், குணசித்திர நடிகர் என்ற தொழிலே உருவாக முடியாது. இந்தியப் படங்களோடு போட்டியிட்டுத் திரையரங்கு பெறுவதே பெரும்பாடு. அதன் பின் 1983இன் இனக்கலவரம் வந்தது. ஆகவே அவர்கள் வானொலியிலும் மேடையிலும் பிற உத்தியோகங்களிலும் வாழ்ந்தார்கள்.

சிங்களத் திரையில் நிலை சற்று வேறு. நகைச்சுவைத் துணை வேடங்களில் தொடங்கிய ஜோ அபேவிக்ரம, பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' படத்தில் கண்பார்வையற்ற முதியவராக நடித்து, 1999இல் சிங்கப்பூர்த் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார். முதுமையில் ஒரு படம் முழுவதும் அவர் தோளில் வைக்கப்பட்டது. டெல்லி கணேஷுக்கு அத்தகைய படத்தை எவரும் எழுதவில்லை என்பதுதான் எனக்குள்ள வருத்தம். நானூறு படங்களில் இடம் கொடுத்த ஒரு துறை, ஒரு படத்தை அவருக்கென்று ஒதுக்கவில்லை.

பின்வரிசை எழுதியது:

மருதானை மேடை அவர்களின் கடைசி வரியைத்தான் நான் வேறு சொற்களில் சிறை என்றேன். ஆனாலும் என் இரண்டாவது கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. கமல்ஹாசன் நடிக்காத படங்களில், ஒரு பார்வையாளர் டெல்லி கணேஷுக்காகவே மீண்டும் பார்க்கவேண்டிய படம் எது?

வானொலிச் செவி எழுதியது:

'சிந்து பைரவி' (1985), தம்பி. சுஹாசினிக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் கிடைத்தது. மிருதங்க வித்துவான் குருமூர்த்தியாக நடித்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்து, சங்கீதத்தைத் தவமாகக் கருதும் பாடகர் ஜே.கே.பி.யின் (சிவகுமார்) கோபத்துக்கு ஆளாகிறவர் அவர். பிற்பாதியில் அந்த ஜே.கே.பி.யே குடியில் விழுந்து தெருவில் நிற்கிறார். முற்பாதியில் குருமூர்த்தியை நாம் வெறும் குடிகாரராக எண்ணி ஒதுக்கியிருந்தால் பிற்பாதியின் கனம் பாதியாகக் குறைந்திருக்கும். திட்டு வாங்கும்போது அவர் தலை குனிவதில் குற்றவுணர்வைவிட, கையில் வித்தை இருந்தும் மேடை மறுக்கப்படும் கலைஞனின் அவமானமே மேலோங்கி நிற்கிறது. சிவகுமாரின் வீழ்ச்சியை நாம் ஓர் இசைக்கலைஞனின் வீழ்ச்சியாகப் பார்ப்பதற்கு அங்கேயே பயிற்சி அளிக்கப்பட்டுவிடுகிறது.

சின்னத்திரை வாசகி எழுதியது:

ஐயாவின் தேர்வுடன் உடன்படுகிறேன். ஆயினும் அந்தப் படத்தில் ஜனகராஜும் இருக்கிறார் என்பதை மறந்துவிட வேண்டாம். இரு பக்கவாத்தியக்காரர்களும் சேர்ந்து வரும் காட்சிகளில் ஜனகராஜ் இடத்தை நிரப்புகிறார், டெல்லி கணேஷ் இடம் விடுகிறார். 'நாயக'னிலும் இதே இருவர், இதே ஏற்பாடு. இதைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்கினால் ஜனகராஜைப் பற்றி நான் எழுதுவேன். அவர் தரப்பில் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.